கனடாவில் வெளிநாட்டுத் தகைமை அங்கீகாரம்

கனடாவில் வெளிநாட்டுத் தகைமை அங்கீகாரம் என்பது, கனடாவுக்கு வெளியே ஒருவர் பெற்ற கல்வி, தொழிற்பயிற்சி, பணி அனுபவம் ஆகியவற்றைக் கனடிய நியமங்களுடன் ஒப்பிட்டு அவற்றின் பெறுமதியைத் தீர்மானிக்கும் செயற்பாடு ஆகும். குடிவரவாளர்கள், அகதிகள், மேற்படிப்புக்காக வரும் அனைத்துலக மாணவர்கள், வெளிநாட்டில் படித்துத் திரும்பும் கனடியர்கள் ஆகியோர் இச்செயற்பாட்டுக்கு உட்படுகின்றனர். இதனை ஒரே ஓர் அமைப்பு மேற்கொள்வதில்லை. குடிவரவுக்கு ஒரு மதிப்பீடு, பல்கலைக்கழக அனுமதிக்கு இன்னொன்று, தொழில் உரிமத்துக்கு வேறொன்று எனப் பல வாயில்கள் உள்ளன. ஒரு வாயிலில் கிடைத்த அங்கீகாரம் மற்றொன்றில் செல்லும் என்று கருதிவிடுவது, புதிதாக வருவோர் காலத்தையும் பணத்தையும் இழப்பதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

அடிப்படைக் கருத்துருக்கள்

இத்துறையில் மூன்று சொற்கள் அடிக்கடி ஒன்றோடொன்று குழப்பப்படுகின்றன.

* கல்விச் சான்று மதிப்பீடு: வெளிநாட்டுப் பட்டம் ஒன்று கனடாவின் எந்தப் பட்டத்துக்கு இணையானது என்பதைக் கூறும் அறிக்கை. இது ஒரு கருத்துரை மட்டுமே. வேலை செய்வதற்கான அனுமதி அன்று.
* தகைமை அங்கீகாரம்: பல்கலைக்கழகம், வேலை தருநர் அல்லது தொழில் ஒழுங்கமைப்பு அமைப்பு ஒன்று அந்தத் தகைமையைத் தன் தேவைக்கு ஏற்றுக்கொள்வது.
* தொழில் உரிமம்: சட்டத்தால் ஒழுங்கமைக்கப்பட்ட தொழிலைச் செய்வதற்கும், அத்தொழிலின் பெயரைப் பயன்படுத்துவதற்கும் தரப்படும் அனுமதி.

தொழில்களும் இரு வகைப்படும். மருத்துவம், தாதியியல், பொறியியல், சட்டம், பள்ளி ஆசிரியப் பணி, மருந்தியல் போன்றவை ஒழுங்கமைக்கப்பட்ட தொழில்கள். பொதுமக்களின் உடல்நலம், பாதுகாப்பு, நலன் ஆகியவற்றைக் காப்பதே இவ்வொழுங்கமைப்பின் நோக்கம். இவற்றுக்கு உரிமம் வேண்டும். நிரலாக்கம், சந்தைப்படுத்தல், விற்பனை, அலுவலக நிருவாகம் போன்ற பெரும்பாலான வேலைகள் ஒழுங்கமைக்கப்படாதவை. இவற்றில் வெளிநாட்டுப் பட்டத்தை எவ்வாறு மதிப்பது என்பதை வேலை தருநரே முடிவு செய்கிறார்.

அதிகாரப் பங்கீடு

கனடா ஒரு கூட்டாட்சி நாடு. 1867 ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டப்படி கல்வி மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. தொழில்களை ஒழுங்கமைப்பதும் மாகாணங்களின் கையிலேயே உள்ளது. மாகாணச் சட்டங்கள் அந்தப் பொறுப்பைப் பெரும்பாலும் தன்னாட்சி கொண்ட தொழில்சார் அமைப்புகளிடம் ஒப்படைக்கின்றன. குடிவரவில் கூட்டரசுக்கும் மாகாணங்களுக்கும் பங்குண்டு. எனினும் பொருளாதார வகைக் குடிவரவாளர்களுள் பெரும்பகுதியினரைத் தெரிவு செய்யும் விதிகளைக் கூட்டரசே வகுத்து வந்துள்ளது. கியூபெக் மாகாணம் தனது பொருளாதாரக் குடிவரவாளர்களைத் தானே தெரிவு செய்கிறது.

இதன் விளைவாக ஒரு முரண் தோன்றுகிறது. ஒருவரது பட்டத்துக்குப் புள்ளிகள் வழங்கி அவரை வரவேற்பது ஓர் அரசு. அந்தப் பட்டத்தைக் கொண்டு அவர் தொழில் செய்யலாமா என்று தீர்மானிப்பது அந்த அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத வேறோர் அமைப்பு. முதலாவது கேட்பது "இவர் நாட்டுக்குப் பயன்படுவாரா?" என்பது. இரண்டாவது கேட்பது "இவரால் பொதுமக்களுக்குத் தீங்கு நேராது என்பது உறுதியா?" என்பது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதால் விடைகளும் வேறுபடலாம்.

வரலாறு

கனடாவின் குடிவரவுக் கொள்கை நெடுங்காலம் ஐரோப்பியருக்கு முன்னுரிமை அளித்து வந்தது. 1962 ஆம் ஆண்டின் விதிகள் இனஅடிப்படையிலான பாகுபாட்டின் பெரும்பகுதியை நீக்கின. 1967 இல் புள்ளி முறை அறிமுகமானது. கல்வி, மொழியறிவு, வயது, தொழில் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் வழங்கப்பட்டன. இதனால் ஆசியா, ஆப்பிரிக்கா, கரிபியன் ஆகிய பகுதிகளிலிருந்து படித்தோர் பெருமளவில் வரத் தொடங்கினர். தொழில் அமைப்புகளின் விதிகளோ அதே வேகத்தில் மாறவில்லை.

1990 இல் பன்னாட்டுத் தகைமைகளுக்கான கனடியத் தகவல் மையம் நிறுவப்பட்டது. இது மாகாணக் கல்வி அமைச்சர்களின் மன்றத்தின் கீழ் இயங்குகிறது. இம்மையம் தானே மதிப்பீடு செய்வதில்லை. எந்தத் தொழிலுக்கு எந்த அமைப்பை அணுக வேண்டும் என்ற தகவலை வழங்குகிறது.

2002 இல் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2007 இல் கூட்டரசு வெளிநாட்டுத் தகைமைகள் வழிகாட்டல் அலுவலகத்தைத் தொடங்கியது. 2009 இல் கூட்டரசும் மாகாணங்களும் இணைந்து, வெளிநாட்டுத் தகைமைகளை மதிப்பிடுவதற்கான நாடளாவிய பொதுச் சட்டகம் ஒன்றை வெளியிட்டன. 2013 மே மாதம் முதல், கூட்டரசின் திறன்சார் பணியாளர் பிரிவில் வெளிநாட்டுக் கல்விக்குப் புள்ளிகள் பெறுவதற்குக் கல்விச் சான்று மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. 2015 சனவரியில் விரைவு நுழைவு முறை தொடங்கிய பின்னர் இம்மதிப்பீட்டின் பயன்பாடு மேலும் பரவலானது.

கல்விச் சான்று மதிப்பீடு

குடிவரவுக்கான மதிப்பீட்டைக் கூட்டரசு நியமித்த அமைப்புகளிடமிருந்து மட்டுமே பெறலாம். அவற்றுள் பரவலாக அறியப்பட்டது உலகக் கல்விச் சேவைகள் நிறுவனம் (வெஸ்) ஆகும். இலாபநோக்கற்ற இந்நிறுவனம் 1974 இல் நியூயோர்க்கில் தொடங்கப்பட்டது. ரொறன்ரோவிலும் இதற்கு அலுவலகம் உண்டு. மருத்துவர்களுக்குக் கனடிய மருத்துவ மன்றமும், மருந்தாளர்களுக்குக் கனடிய மருந்தியல் தேர்வுச் சபையும் நியமிக்கப்பட்டுள்ளன. குடிவரவு நோக்கத்துக்கான மதிப்பீட்டு அறிக்கை ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும்.

மதிப்பீடு பொதுவாகப் பின்வரும் படிகளில் நிகழ்கிறது.

* விண்ணப்பதாரர் மதிப்பீட்டு அமைப்பில் பதிவு செய்து கட்டணம் செலுத்துகிறார்.
* பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம் பெறுபேற்றுப் பட்டியலை (மதிப்பெண் பட்டியலை) முத்திரையிட்ட உறையிலோ மின்வழியாகவோ மதிப்பீட்டு அமைப்புக்கு நேரடியாக அனுப்புகிறது.
* மதிப்பீட்டாளர் அப்பல்கலைக்கழகம் அதன் நாட்டில் அங்கீகாரம் பெற்றதா என்று சரிபார்க்கிறார்.
* படிப்பின் கால அளவு, நுழைவுத் தகுதி, பாடங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு இணையான கனடியப் பட்டத்தைக் குறிப்பிடுகிறார்.

அறிக்கையும் இரு வகைப்படும். சான்றிதழ்களையும் அவற்றுக்கு இணையானவற்றையும் மட்டும் கூறுவது ஒன்று. ஒவ்வொரு பாடத்துக்கும் கனடிய மதிப்பெண்ணைக் கணித்துத் தருவது மற்றொன்று. குடிவரவுக்கு முதலாவது போதும். பல்கலைக்கழகங்களும் உரிமம் வழங்கும் அமைப்புகளும் இரண்டாவதைக் கேட்கக்கூடும். எனவே எதற்காக மதிப்பீடு தேவைப்படுகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொண்ட பின்னரே கட்டணம் செலுத்துவது நன்று.

ஆவணச் சிக்கல்கள்

தெற்காசிய விண்ணப்பதாரர்கள் எதிர்கொள்ளும் தாமதங்களுள் பல, கல்வியின் தரத்தோடு தொடர்பற்றவை.

* தமிழர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொள்வதே வழக்கம். பட்டச் சான்றிதழில் தலைப்பெழுத்தும், கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயரும் இருக்கும்போது இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்பதை நிறுவ வேண்டியுள்ளது. திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிய பெண்களுக்கும் இச்சிக்கல் உண்டு. இவ்வாறான நிலையில் உறுதிமொழிப் பத்திரம் அல்லது திருமணச் சான்றிதழ் கேட்கப்படலாம்.
* தமிழ்நாட்டின் இணைவுக் கல்லூரிகளில் படித்தோருக்குப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகமே. ஆகவே படித்த கல்லூரியை மட்டும் அணுகினால் போதாது. பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவை அணுக வேண்டும்.
* தற்காலிகச் சான்றிதழ் மட்டும் வைத்திருப்போர், இறுதிப் பட்டச் சான்றிதழைப் பெறாமல் நாட்டை விட்டுப் புறப்பட்டால், பின்னர் தொலைவிலிருந்து பெறுவது கடினமாகிறது.
* பாடத்திட்ட விவரம் தேவைப்படும் தொழில்களில், படித்த ஆண்டுக்குரிய பாடத்திட்டத்தையே தர வேண்டும். இன்றைய பாடத்திட்டம் ஏற்கப்படாது.

இந்தியாவின் மூன்றாண்டு இளங்கலை, இளநிலை அறிவியல் பட்டங்கள் சில வேளைகளில் கனடாவின் நான்காண்டுப் பட்டத்துக்கு இணையாகக் கொள்ளப்படாமல், மூன்றாண்டுப் பட்டப்படிப்பாகவே மதிப்பிடப்படுகின்றன. நான்காண்டுப் பொறியியல் பட்டங்களுக்கு இச்சிக்கல் பொதுவாக எழுவதில்லை.

தொழில்வாரியான நடைமுறைகள்

பொறியியல்

கனடாவில் பொறியியல் உரிமத்தை மாகாண, ஆட்புல அமைப்புகள் வழங்குகின்றன. ஒன்ராறியோவின் தொழில்முறைப் பொறியியலாளர் அமைப்பு 1922 இல் உருவானது. கனடாவின் பொறியியல் பட்டப்படிப்புகளைத் தரமதிப்பீடு செய்யும் கனடியப் பொறியியல் அங்கீகாரச் சபை 1965 இல் நிறுவப்பட்டது. இச்சபை அங்கீகரித்த பட்டம் பெற்றோர் கல்வித் தகுதியை நிறைவு செய்தவர்களாகக் கருதப்படுகின்றனர். பிறர் தம் கல்வியை மதிப்பீட்டுக்கு உட்படுத்த வேண்டும். அதன் முடிவில் தொழில்நுட்பத் தேர்வுகள் எழுதுமாறு பணிக்கப்படலாம். இவற்றோடு பணி அனுபவமும், தொழில் ஒழுக்கமும் சட்டமும் பற்றிய தேர்வும் தேவை.

உரிமம் இல்லாதவர் பொறியியல் துறையில் பணியாற்றவே முடியாது என்பது ஒரு தவறான எண்ணம். உரிமம் பெற்ற பொறியியலாளர் ஒருவர் பொறுப்பேற்று மேற்பார்வை செய்யுமிடத்து, உரிமம் இல்லாதவரும் பணியாற்றலாம். ஆனால் வரைபடங்களில் தம் பொறுப்பில் முத்திரையிடவோ, பாதுகாக்கப்பட்ட தொழிற்பெயரைப் பயன்படுத்தவோ அவருக்கு உரிமை இல்லை.

மருத்துவம்

மிக நீண்ட வழி மருத்துவர்களுடையது. வெளிநாட்டில் மருத்துவம் பயின்றவர் தமது சான்றிதழ்களை மூலநிலையில் சரிபார்க்கச் செய்து, கனடிய மருத்துவ மன்றத்தின் தகுதித் தேர்வின் முதற்பகுதியை எழுதுகிறார். பின்னர் நோயாளர் போல் நடிக்கப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு நடத்தப்படும் மருத்துவத்திறன் தேர்வும் உண்டு. முன்னர் இருந்த மதிப்பீட்டுத் தேர்வு 2018 இலும், தகுதித் தேர்வின் இரண்டாம் பகுதி 2021 இலும் கைவிடப்பட்டன.

தேர்வுகளைத் தாண்டுவது மட்டும் போதாது. பெரும்பாலானோருக்கு மருத்துவமனை உள்ளகப் பயிற்சி இடம் தேவை. குடும்ப மருத்துவத்துக்கு இது பொதுவாக இரண்டு ஆண்டுகள். பிற சிறப்புத் துறைகளுக்கு நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகலாம். இவ்விடங்களை அரசின் நிதி வரையறுக்கிறது. பல மாகாணங்களில் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான இடங்கள் தனியே ஒதுக்கப்படுகின்றன. அவ்விடங்களை விட விண்ணப்பதாரர் மிகுதி. ஆகவே எல்லாத் தேர்வுகளிலும் தேறிய ஒருவர் இடம் கிடைக்காமலே நிற்கக்கூடும். முன்னரே பயிற்சியும் அனுபவமும் பெற்ற மருத்துவர்களுக்காகச் சில மாகாணங்கள், குறுகிய கால மேற்பார்வையில் அவர்களை மதிப்பிட்டு உரிமம் தரும் திட்டங்களை நடத்துகின்றன.

தாதியியல்

2014 இல் தேசியத் தாதியர் மதிப்பீட்டுச் சேவை செயற்படத் தொடங்கியது. வெளிநாட்டில் பயின்ற தாதியரின் (செவிலியரின்) ஆவணங்களை ஒரே இடத்தில் பெற்று மாகாண அமைப்புகளுக்கு அனுப்புவது இதன் பணி. 2015 முதல் கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில், ஐக்கிய அமெரிக்காவில் பயன்படும் உரிமத் தேர்வே பதிவுபெற்ற தாதியருக்கான தேர்வாயிற்று. கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் தாதியர் பற்றாக்குறை வெளிப்படையாகத் தெரிந்த பின்னர் சில மாகாணங்கள் நடைமுறையைச் சுருக்கின. எடுத்துக்காட்டாக, 2023 இல் நோவா இசுகோசியாவின் தாதியர் அமைப்பு, இந்தியா, பிலிப்பீன்சு, நைசீரியா உட்பட ஏழு நாடுகளில் பதிவுபெற்ற தாதியருக்கு விரைவு வழி ஒன்றை அறிவித்தது.

கைத்தொழில்கள்

மின்பணி, நீர்க்குழாய்ப் பணி, வாகனம் பழுதுபார்த்தல் போன்ற தொழில்களுள் சில கட்டாயச் சான்றிதழ் வேண்டுபவை. எவை கட்டாயமானவை என்பது மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். வெளிநாட்டில் பணியாற்றியவர் தமது பணி மணிநேரங்களை வேலை தருநரின் கடிதங்கள் மூலம் மெய்ப்பித்துத் தேர்வு எழுதலாம். செம்முத்திரை எனப்படும் சான்று பெற்றவர் மாகாணங்களுக்கிடையே எளிதில் இடம்மாறிப் பணியாற்றலாம்.

மென்பொருள் துறை

மென்பொருள் உருவாக்கத்துக்கு உரிமம் தேவையில்லை. எனினும் "பொறியியலாளர்" என்ற பெயர் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது என்பதால் "மென்பொருள் பொறியியலாளர்" என்ற பதவிப்பெயர் சர்ச்சைக்கு உள்ளானது. 2023 இல் அல்பேர்ட்டா மாகாணம் தன் சட்டத்தைத் திருத்தி, உரிமம் இல்லாதவர்களும் அப்பெயரைப் பயன்படுத்த வழிசெய்தது.

அனைத்துலக மாணவர்கள்

கனடாவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவரின் முந்தைய கல்வியை அந்தந்தப் பல்கலைக்கழகமே மதிப்பிடுகிறது. சில பல்கலைக்கழகங்கள் வெளி அமைப்பின் அறிக்கையைக் கேட்கின்றன. பல கேட்பதில்லை. ஒரு பல்கலைக்கழகம் முதுகலை அனுமதி வழங்கியது என்பதால், தொழில் அமைப்பு அம்மாணவரின் இளநிலைப் பட்டத்தை ஏற்றுவிட்டது என்று பொருள் கொள்ளக் கூடாது.

குறிப்பாகப் பொறியியலில் இது கவனிக்கத்தக்கது. கனடிய அங்கீகாரச் சபை தரமதிப்பீடு செய்வது இளநிலைப் பட்டப்படிப்புகளையே. கனடாவில் முதுநிலைப் பட்டம் பெற்ற ஒருவரது இளநிலைப் பட்டம் வெளிநாட்டில் பெறப்பட்டிருந்தால், உரிமத்துக்கு அந்த இளநிலைப் பட்டமும் ஆராயப்படும். கல்லூரிகளின் சான்றிதழ், பட்டயப் படிப்புகளில் சேர்வோரும், அப்படிப்பு தாம் நாடும் தொழிலின் உரிமத்துக்கு ஏற்கப்படுமா என்பதைத் தொழில் அமைப்பிடமே முன்கூட்டிக் கேட்டறிவது அவசியம். படிப்பு அனுமதியும், படிப்புக்குப் பிந்தைய பணி அனுமதியும் குடிவரவு ஆவணங்கள் மட்டுமே. அவை தொழில் உரிமங்கள் அல்ல.

சட்டச் சீர்திருத்தங்கள்

ஒழுங்கமைக்கப்பட்ட தொழில்களில் நியாயமான அணுக்கத்துக்கான சட்டத்தை ஒன்ராறியோ 2006 இல் நிறைவேற்றியது. பதிவு நடைமுறைகள் வெளிப்படையாகவும், புறவயமாகவும், பக்கச்சார்பின்றியும், நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று இச்சட்டம் கோருகிறது. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் எழுத்து மூலம் காரணம் கூற வேண்டும். உள்ளக மீளாய்வுக்கோ மேன்முறையீட்டுக்கோ வாய்ப்புத் தர வேண்டும். இவற்றைக் கண்காணிக்க நியாய ஆணையர் அலுவலகம் அமைக்கப்பட்டது. தனிநபர் ஒருவரின் விண்ணப்பத்தில் தலையிட்டு முடிவை மாற்றும் அதிகாரம் அவ்வலுவலகத்துக்கு இல்லை. மனிற்றோபா 2007 இலும், நோவா இசுகோசியா 2008 இலும், அல்பேர்ட்டா 2019 இலும், பிரித்தானியக் கொலம்பியா 2023 இலும் இத்தகைய சட்டங்களை இயற்றின.

"கனடிய அனுபவம்"

கனடாவில் பணியாற்றிய அனுபவம் இருந்தால்தான் உரிமமோ வேலையோ கிடைக்கும் என்ற நிபந்தனை நெடுங்காலம் விமர்சிக்கப்பட்டு வந்தது. வேலை இல்லாமல் அனுபவம் இல்லை, அனுபவம் இல்லாமல் வேலை இல்லை என்ற சுழலில் இது குடிவரவாளரை நிறுத்துகிறது. கனடிய அனுபவத்தைக் கண்டிப்பாகக் கோருவது, மேலோட்டமாகப் பார்க்கும்போதே பாகுபாடு ஆகும் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2013 இல் வெளியிட்ட கொள்கையில் கூறியது.

2021 இல் நிறைவேறிய ஒன்ராறியோச் சட்டம் ஒன்று, குறிப்பிட்ட ஒழுங்கமைக்கப்பட்ட தொழில்களில் இந்நிபந்தனையை நீக்குமாறு பணித்தது. அதன்படி ஒன்ராறியோவின் பொறியியலாளர் அமைப்பு 2023 மே மாதத்தில், ஓராண்டு கனடிய அனுபவம் வேண்டும் என்ற விதியைக் கைவிட்டது. வேலை விளம்பரங்களில் கனடிய அனுபவத்தைக் கோருவதைத் தடை செய்யும் ஒன்ராறியோ விதி 2026 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

வழக்குகள்

பிரித்தானியக் கொலம்பியாவின் மனித உரிமைத் தீர்ப்பாயம் 1999 இல், வெளிநாட்டில் பயின்ற மருத்துவர்கள் சிலர் தொடுத்த வழக்கில், பயின்ற நாட்டின் அடிப்படையில் கூடுதல் பயிற்சியைக் கோரியது பாகுபாடு எனத் தீர்த்தது. இதற்கு மாறாக, அல்பேர்ட்டாவில் வெளிநாட்டுப் பொறியியலாளர் ஒருவருக்குச் சார்பாக 2014 இல் அம்மாகாண மனித உரிமைத் தீர்ப்பாயம் அளித்த தீர்ப்பை 2016 இல் உயர் மட்ட நீதிமன்றம் மாற்றியது. பொதுமக்களின் பாதுகாப்புக்காகத் தகுதியைச் சோதிக்கத் தொழில் அமைப்புக்கு உரிமை உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். தகுதியைச் சோதிக்கலாம், ஆனால் நாட்டைக் கொண்டு ஆளை ஒதுக்கக் கூடாது என்பதே இவ்விரு வழக்குகளுக்கும் இடையில் உள்ள எல்லைக்கோடு எனலாம்.

பன்னாட்டு உடன்படிக்கைகள்

* லிசுபன் அங்கீகார ஒப்பந்தம்: ஐரோப்பிய மன்றமும் யுனெசுக்கோவும் இணைந்து 1997 இல் உருவாக்கியது. உயர்கல்வித் தகைமைகளில் கணிசமான வேறுபாடு இருப்பதாகக் காட்டப்பட்டாலன்றி அவற்றை அங்கீகரிக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. வேறுபாட்டைக் காட்டும் பொறுப்பு மதிப்பிடும் அமைப்பைச் சாரும். கனடா 2018 இல் இதனை ஏற்புறுதி செய்தது.
* வாசிங்டன் உடன்படிக்கை: பொறியியல் பட்டப்படிப்புகளின் தரமதிப்பீட்டை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் ஏற்பாடு. 1989 இல் கனடா உட்பட ஆறு நாடுகளின் அமைப்புகள் இதில் கையொப்பமிட்டன. இந்தியாவும் இலங்கையும் 2014 இல் முழு உறுப்புரிமை பெற்றன. ஒரு நாட்டின் எல்லாப் பட்டங்களும் இதில் அடங்கா. அந்நாட்டின் உறுப்பு அமைப்பு தரமதிப்பீடு செய்த படிப்புகளுக்கு மட்டுமே இது பொருந்தும். பொதுவாக, உறுப்புரிமை கிடைத்த பின்னர் பெற்ற பட்டங்களே கணக்கில் கொள்ளப்படுகின்றன. உரிமம் தானாகக் கிடைப்பதும் இல்லை. மாகாண அமைப்பு தன் விதிப்படியே முடிவு செய்யும்.

அகதிகளும் ஆவணம் இல்லாதோரும்

மதிப்பீட்டு முறை, ஆவணம் வழங்கும் பல்கலைக்கழகம் ஒன்று இயங்கிக்கொண்டிருக்கிறது என்ற எடுகோளின் மீது அமைந்தது. போரினால் இடம்பெயர்ந்தோருக்கு இந்த எடுகோள் பொருந்துவதில்லை. சான்றிதழ்கள் எரிந்திருக்கலாம். பல்கலைக்கழகம் மூடப்பட்டிருக்கலாம். தாம் தப்பிவந்த அரசிடமே கடிதம் எழுதிக் கேட்பது ஆபத்தாகவும் இருக்கலாம். 1983 இற்குப் பின் இலங்கையிலிருந்து பெருந்தொகையாகக் கனடாவுக்கு வந்த தமிழர் இவ்வாறு போரினால் இடம்பெயர்ந்தோரே.

லிசுபன் ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு, ஆவணங்களால் மெய்ப்பிக்க இயலாத அகதிகளின் தகைமையையும் நியாயமாக மதிப்பிடும் நடைமுறைகளை நாடுகள் உருவாக்க வேண்டும் என்கிறது. 2016 இல் சிரிய அகதிகளுக்காக வெஸ் நிறுவனம் ஒரு முன்னோடித் திட்டத்தை மேற்கொண்டது. கையிலுள்ள நகல்கள், அடையாள அட்டைகள், கிடைக்கும் பிற தடயங்கள் ஆகியவற்றைக் கொண்டு கல்வி வரலாற்றை மீளமைக்கும் இத்திட்டம் பின்னர் வேறு நாட்டவருக்கும் விரிவாக்கப்பட்டது.

உதவி வழங்கும் அமைப்புகளும் திட்டங்களும்

* இணைப்புப் பயிற்சித் திட்டங்கள்: குடிவரவாளரின் கல்விக்கும் கனடிய உரிமத் தேவைக்கும் இடையிலுள்ள இடைவெளியை மட்டும் நிரப்பும் குறுகிய படிப்புகள். முழுப் பட்டத்தையும் மீண்டும் படிக்க வேண்டியதில்லை. ஒன்ராறியோவின் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் இவற்றை நடத்தி வந்துள்ளன.
* விண்ட்மில் நுண்கடன் அமைப்பு: 2005 இல் அல்பேர்ட்டாவின் கால்கரியில் வேறு பெயரில் தொடங்கப்பட்டது. தேர்வுக் கட்டணம், படிப்பு, அக்காலத்து வாழ்க்கைச் செலவு ஆகியவற்றுக்குக் கடன் வழங்குகிறது. புதிதாக வந்தோருக்குக் கனடாவில் கடன் வரலாறு இல்லாததால் வங்கிகள் கடன் தரத் தயங்கும் நிலையில் இது பயன்படுகிறது.
* ரொறன்ரோ வட்டாரக் குடிவரவாளர் வேலைவாய்ப்பு மன்றம்: 2003 இல் நிறுவப்பட்டது. குடிவரவாளரை அதே தொழிலில் உள்ள வழிகாட்டியுடன் இணைக்கும் திட்டத்தை நடத்துகிறது.
* கேர் மையம்: வெளிநாட்டில் பயின்ற தாதியருக்கு ஒன்ராறியோவில் தேர்வுப் பயிற்சியும் மொழிப் பயிற்சியும் அளிக்கிறது.

குடியேற்ற உதவி அமைப்புகளின் சேவைகள் பல, அரசு நிதியுதவியால் நிரந்தர வதிவாளருக்குக் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. அனைத்துலக மாணவர்களும் தற்காலிகப் பணியாளர்களும் இவற்றுள் சிலவற்றுக்குத் தகுதி பெறுவதில்லை.

சமூக விளைவுகளும் விமர்சனமும்

பட்டம் பெற்ற குடிவரவாளர் தம் தகுதிக்குக் குறைந்த வேலைகளில் தங்கிவிடுவதைத் திறன் விரயம் என்பர். "வாடகைக்கார் ஓட்டும் மருத்துவர்" என்பது கனடிய ஊடகங்களில் நெடுநாள் வழங்கும் படிமம். 2006 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு 2012 இல் வெளியான கூட்டரசு ஆய்வொன்று இதனைப் பரிசோதித்தது. நாட்டின் வாடகைக்கார் ஓட்டுநர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் குடிவரவாளர் என்றும், முனைவர் அல்லது மருத்துவப் பட்டம் பெற்ற ஓட்டுநர் நாடு முழுவதிலும் சில நூறு பேரே என்றும், அவர்களுள் பெரும்பான்மையினர் குடிவரவாளர் என்றும் அது கண்டது. படிமம் மிகைப்படுத்தப்பட்டது எனினும் பொய்யன்று.

தொழில் அமைப்புகள் தம் உறுப்பினரின் வருவாயைக் காக்கவே வாயிலை அடைக்கின்றன என்பது ஒரு சாராரின் விமர்சனம். ஒரு தவறான மருந்தளவோ, ஒரு தவறான கட்டுமானக் கணக்கோ உயிரைப் பறிக்கும் என்பதால் சோதனை தேவை என்பது மறுசாராரின் வாதம். தரத்தைக் குறைக்கக் கோருவோர் சிலரே. பலரும் கோருவது, தரம் என்ன என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும், சோதனை விரைவில் முடிய வேண்டும், தேறியவருக்கு இடம் இருக்க வேண்டும் என்ற மூன்றையுமே.

காலம் இதில் தனிக் காரணியாகும். தொழிலை விட்டு விலகியிருக்கும் ஒவ்வோர் ஆண்டும் திறன் மங்குகிறது. பல அமைப்புகள் அண்மைக்காலப் பணி அனுபவத்தையும் கோருகின்றன. குடும்பச் செலவுக்காக வேறு வேலைக்குச் செல்பவர், உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் வேளையில் அதே இடைவெளி காரணமாக மேலும் தேர்வுகளை எதிர்கொள்ள நேரிடலாம். இதனால், புறப்படுவதற்கு முன்னரே ஆவணங்களைத் திரட்டுதல், தொழில் ஒழுங்கமைக்கப்பட்டதா என்பதை அறிதல், உரிய மாகாண அமைப்பை நேரடியாகத் தொடர்புகொள்ளல் ஆகிய மூன்றும் முதன்மையான முன்னேற்பாடுகளாகக் கருதப்படுகின்றன. தேர்வுகளுள் சிலவற்றைக் கனடாவுக்கு வருமுன்னரே எழுதவும் முடியும். கனடிய மருத்துவ மன்றத்தின் தகுதித் தேர்வின் முதற்பகுதி இதற்கு எடுத்துக்காட்டாகும்.